ஜீரோ பர்சன்ட் கார்டில் 38 வெள்ளி வட்டி எப்படி வந்தது?

பிறைப்பையன் · பட்டர்வொர்த் · டிசம்பர் 11, இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கிரெடிட் கார்டு ஒன்றே ஒன்றுதான், வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஜனவரியில் 3,600 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினி வாங்கினேன். 12 மாதத் தவணை, மாதம் 300, ஜீரோ பர்சன்ட். வட்டி ஒரு சென்கூட இல்லை என்றுதான் கடையில் சொன்னார்கள். அக்டோபர் 15 அன்று பினாங்கு லிட்டில் இந்தியாவில் தீபாவளித் துணி, பலகாரச் சாமான், அம்மாவுக்கு கிரைண்டர் எல்லாம் சேர்த்து 1,150 வெள்ளியை அதே கார்டில் தேய்த்தேன். நவம்பர் 8 ஸ்டேட்மென்டில் குறைந்தபட்சத் தொகை 357 வெள்ளி 50 சென் என்று இருந்தது. கெடு நவம்பர் 28. நான் 27ஆம் தேதியே 400 வெள்ளி கட்டிவிட்டேன். இடையில் நவம்பர் 10 அன்று அம்மாவின் பல் வைத்தியத்துக்கு 600 வெள்ளி.

இந்த மாத ஸ்டேட்மென்டில் வட்டி 38 வெள்ளி 37 சென் என்று வந்திருக்கிறது. கேட்டதற்கு மேலேயே கட்டியிருக்கிறேன், பிறகு எதற்கு வட்டி?

இன்னொன்றும் இருக்கிறது. உண்மையில் அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. புக்கிட் மெர்தாஜம் பக்கம் பழைய பிளாட் ஒன்று பார்த்து, அம்மாவுக்கும் பிடித்து, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். வங்கி திருப்பிவிட்டது. என் கடன் பதிவு, அதாவது சிசிரிஸ், சரியில்லை என்று மட்டும் அதிகாரி சொன்னார். நான் பிளாக்லிஸ்ட் ஆகிவிட்டேனா? கார்டை ரத்து செய்தால் சரியாகுமா?


செந்தூல்வாசி · கோலாலம்பூர் · டிசம்பர் 12, காலை 6.10

தம்பி, வெட்டிப் போடு. இன்றைக்கே. நான் அனுபவித்தவன், சொல்கிறேன். விளக்கம் பிறகு எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும்.


மல்லிகா_பிரிக்பீல்ட்ஸ் · கோலாலம்பூர் · டிசம்பர் 12, காலை 10.25

தம்பி, கத்தரிக்கோலை எடுக்கும் முன்னால் இதை ஒருமுறை படியுங்கள். ஒரு வங்கியின் கார்டுப் பிரிவில் 11 வருடம் இருந்தேன். உங்கள் கேள்வியோடு வராத நாளே அங்கே கிடையாது.

உங்கள் கார்டுக்குள் இரண்டு பை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி ஒரு பையில். அதற்குத்தான் ஜீரோ பர்சன்ட். தீபாவளிச் செலவும் பல் வைத்தியமும் இன்னொரு பையில். அதற்கு மற்ற எல்லாரையும் போல 20 நாள் சலுகைதான். ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து 20 நாள், அதற்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை. முழுசாகக் கட்டவில்லை என்றால் கெடு முடிந்த நாளிலிருந்துதான் வட்டி ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொருள் வாங்கிக் கணக்கில் ஏறிய நாளுக்கே திரும்பிப் போய் அங்கிருந்து வட்டி போடுவார்கள்.

நீங்கள் கட்டிய 400ல் 300 தவணைக்குப் போய்விட்டது. மிச்சம் 100தான் தீபாவளிச் செலவில் கழிந்தது. இப்போது கணக்குப் போடுவோம். 1,150 வெள்ளிக்கு அக்டோபர் 15 முதல் நவம்பர் 27 வரை 43 நாள், 18 விழுக்காடு வட்டியில் 24 வெள்ளி 39 சென். மீதி 1,050க்கு டிசம்பர் 8 வரை 11 நாள், 5 வெள்ளி 70 சென். பல் வைத்தியத்தின் 600க்கு 28 நாள், 8 வெள்ளி 28 சென். கூட்டிப் பாருங்கள், 38 வெள்ளி 37 சென் அப்படியே வரும். அந்த 600ஐ வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய பாக்கி இருந்ததால் அதற்கும் 20 நாள் சலுகை போய்விட்டது. இதுதான் பலருக்கும் தெரியாத இடம்.

குறைந்தபட்சத் தொகையும் இப்படித்தான் வந்தது. தவணை 300 முழுசாக, 1,150ல் 5 விழுக்காடாக 57 வெள்ளி 50 சென். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, பெயர் கெடாது. வட்டியை அது நிறுத்தாது.

கணக்கைப் போட்டதில் ஒன்று கண்ணில் பட்டது. உங்களுக்கு 18 விழுக்காடு போட்டிருக்கிறார்கள். கடந்த 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையை நாள் தவறாமல் கட்டியவருக்கு 15 விழுக்காடுதான். 10 மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17. அதற்கும் கீழே போனால்தான் 18. அப்படியென்றால் நீங்கள் மூன்று முறையாவது கெடுவைத் தவறவிட்டிருக்க வேண்டும். சொல்லுங்கள் தம்பி, எந்தெந்த மாதம்?


பிறைப்பையன் · பட்டர்வொர்த் · டிசம்பர் 12, இரவு 8.15

அக்கா, உண்மைதான். மார்ச்சில் இரவு ஷிப்ட் மாறியபோது அடியோடு மறந்துவிட்டேன், ஏப்ரலில் சேர்த்துக் கட்டினேன். ஜூலையிலும் அதே மாதிரி, ஆகஸ்டில் சேர்த்துக் கட்டினேன். செப்டம்பரில் நாலு நாள் தாமதம். ஒவ்வொரு முறையும் 10 வெள்ளிதான் தாமதக் கட்டணம் வந்தது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணம் இல்லாமல் விட்டதும் இல்லை, சேமிப்புக் கணக்கில் இருந்தது. வங்கி திருப்பியதற்கு இதுதான் காரணமா?


கோப்புக்காரர் · புக்கிட் மெர்தாஜம் · டிசம்பர் 12, இரவு 9.50

இதற்கு நான் சொல்கிறேன். வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுக் கடன் கோப்புகளைப் பார்க்கும் வேலை எனக்கு.

முதலில் ஒன்று. சிசிரிஸ் என்பது நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் தகவல் பதிவேடு. அதில் பிளாக்லிஸ்ட் கிடையாது, ஸ்கோரும் கிடையாது. இவருக்குக் கொடு, இவருக்குக் கொடுக்காதே என்று அது சொல்வதில்லை. உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி, அந்த வரியில் 12 மாதத்துக்கு 12 கட்டம். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 0. ஒரு மாதம் பாக்கி என்றால் 1, இரண்டு மாதம் என்றால் 2. கார்டு, கார் லோன், வீட்டுக் கடன், பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாம் அங்கே தெரியும். மார்ச்சிலும் ஜூலையிலும் உங்களுக்கு 1 விழுந்திருக்கும். அதிகாரி பார்த்தது அதைத்தான்.

சரி, ஒரே ஒரு 1 இருந்தால் பல அதிகாரிகள் விளக்கம் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். உங்களுடையதில் இரண்டு. கூடவே கார்டு நிலுவையும் இருக்கிறது. பணம் கையில் இருந்தும் மறந்துவிட்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும், கட்டத்துக்குத் தெரியாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. அந்தப் பதிவேடு 12 மாதத்தைத்தான் காட்டும். மாதம் ஒன்று புதிதாக ஏற ஏற, பழையது ஒன்று விழுந்துவிடும். அதுவரை பொறுத்திருங்கள். அந்த வங்கி கொடுக்கவில்லை என்று நாலு வங்கிக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். முடிவாகாத விண்ணப்பங்களும் அங்கே வரிசையாகத் தெரியும். பார்க்கிற அதிகாரிக்கு அது நல்ல எண்ணத்தைத் தராது.

இன்னொருவர் சொல்லி நம்பாமல் நீங்களே பாருங்கள். ஈசிசிரிஸ் தளத்தில் பதிவு செய்து பார்க்கலாம், கட்டணம் இல்லை.


மல்லிகா_பிரிக்பீல்ட்ஸ் · கோலாலம்பூர் · டிசம்பர் 13, காலை 9.05

கோப்புக்காரர் சொன்னதோடு ஸ்கோர் விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஸ்கோர் போடுவது சீடோஸ் மாதிரி தனியார் நிறுவனங்கள். 2010ஆம் வருடத்துக் கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின் கீழ் நடப்பவை. சீடோஸ் ஸ்கோர் 300லிருந்து 850 வரை போகும், 697க்கு மேல் என்றால் நல்லது என்று வகைப்படுத்துகிறார்கள். அதில் 45 விழுக்காடு நீங்கள் கட்டிய ஒழுங்கு. 20 விழுக்காடு இப்போது எவ்வளவு பாக்கி என்பது. புதிதாகக் கேட்ட கடனுக்கு 14, கடன் வகைகளின் கலவைக்கு 14, எத்தனை காலமாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு 7. கைப்பேசிப் பாக்கி, நீதிமன்ற வழக்கு மாதிரி சிசிரிஸில் வராதவையும் சீடோஸ் அறிக்கையில் வரலாம்.

இதனால்தான் கார்டை வெட்டச் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்களிடம் இருக்கிற கடன் கணக்கே அது ஒன்றுதான். அதை மூடினால் இனிமேல் 0 ஏறுவதற்கு இடமே இருக்காது. அடுத்து உங்களைப் பார்க்கிற வங்கி எதை வைத்து நம்பும்?

இன்னொரு சங்கதி. வருமானம் வருடத்துக்கு 36,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு, ஒரு வங்கி மாதச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கடன் வரம்பு கொடுக்கக் கூடாது, இரண்டு வங்கிகளுக்கு மேல் கார்டும் வைக்கக் கூடாது. 2011லிருந்து பேங்க் நெகாரா விதி அது. ஆக உங்கள் வரம்பு 5,600க்குள் இருக்கும். ஜனவரியில் மடிக்கணினி வாங்கிய அன்றே அதில் 3,600 அடைபட்டுவிட்டது. மாதம் 300தானே என்று நமக்குத் தோன்றும். வங்கிக்கு நீங்கள் வரம்பில் பாதிக்கு மேல் பிடித்தவர்.

இப்போது செய்ய வேண்டியது. சேமிப்பில் பணம் இருக்கிறது என்றீர்களே, தவணை 300, பழைய பாக்கி 1,050, பல் வைத்தியம் 600, வட்டி எல்லாம் சேர்த்து 1,988 வெள்ளி 37 சென் வரும். 28ஆம் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே கட்டிவிடுங்கள். வீட்டு முன்பணத்துக்கு வைத்த காசு என்று நினைப்பீர்கள். இரண்டு மூன்று விழுக்காடு வருகிற பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு 18 விழுக்காடு கட்டுவது எந்த வீட்டுக்கும் நல்லதில்லை. கட்டிய பிறகும் ஜனவரியில் சில வெள்ளி வட்டி வரும், டிசம்பர் 8லிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமானது. அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அதையும் கட்டினால் முடிந்தது.

அப்புறம் ஆட்டோ டெபிட் போடுங்கள், சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் தானாகக் கட்டப்பட்டுவிடும். போடும்போது முழுத் தொகையா, குறைந்தபட்சத் தொகையா என்று ஒரு கேள்வி வரும். பாதிப் பேர் அவசரத்தில் குறைந்தபட்சத்தைத் தட்டிவிட்டு, கார்டு ஒழுங்காகப் போகிறது என்று வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களின் கணக்குகளை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும்.


குளுகோர்_ராணி · பினாங்கு · டிசம்பர் 13, மதியம் 1.30

அக்கா, நடுவில் என் கேள்வி. ஒரு கார்டில் 4,000 வெள்ளி நிற்கிறது, 18 விழுக்காடு. வேறொரு வங்கி பேலன்ஸ் டிரான்ஸ்பர் தருகிறது, அதாவது இந்தப் பாக்கியை அவர்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். 12 மாதம் ஜீரோ பர்சன்ட், ஆனால் முன்கட்டணம் 3 விழுக்காடு. மாற்றலாமா?


மல்லிகா_பிரிக்பீல்ட்ஸ் · கோலாலம்பூர் · டிசம்பர் 13, மதியம் 2.15

மாற்றலாம் ராணி. முன்கட்டணம் 120 வெள்ளி. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருவதால், அந்த 120ஐ வருட வட்டியாகப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தரை விழுக்காடு. ஜீரோ இல்லை, ஆனால் 18 எங்கே, ஐந்தரை எங்கே.

மாதம் 333 வெள்ளி 33 சென் தவறாமல் கட்ட முடியுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுக் கார்டில் வேறு எதையும் வாங்காதீர்கள், தம்பிக்கு நடந்த அந்த இரண்டு பைகளின் கதை உங்களுக்கும் நடக்கும். என் பயமெல்லாம் பழைய கார்டைப் பற்றித்தான். பாக்கி இறங்கியதும் அது காலியாக, பளிச்சென்று பர்ஸில் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதத்தில் அங்கேயும் 4,000 ஏறி, இரண்டு கடனோடு வந்து நின்றவர்கள் நிறைய. அதை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், அல்லது வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள்.


செந்தூல்வாசி · கோலாலம்பூர் · டிசம்பர் 13, இரவு 10.40

சொன்னபடி வந்துவிட்டேன். மல்லிகா அவர்கள் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் எல்லாராலும் அப்படி இருக்க முடியாது. அதனால் என் கதையையும் எழுதுகிறேன்.

2014ல் எனக்கு மூன்று கார்டு. மாதம் 3,400 வெள்ளி சம்பளம், மூன்றிலும் சேர்த்து 19,000 வெள்ளி பாக்கி. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரிக்காமல் ஒரு பெரிய மைலோ டின்னில் போட்டு வைப்பேன். மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. குறைந்தபட்சம் 5 விழுக்காடு என்றால் மாதம் 950. அதில் 285 வெள்ளி வட்டிக்கே போய்விடும். வாடகையும் பிள்ளைகள் பள்ளிச் செலவும் போக 950 எங்கே இருக்கும்? ஒரு கார்டிலிருந்து ரொக்கம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டினேன். ரொக்கம் எடுத்தால் 20 நாள் சலுகை கிடையாது, எடுத்த நாளிலிருந்தே 18 விழுக்காடு, மேலே ஒரு கட்டணம். அது தெரிந்தும் எடுத்தேன். வேறு வழி இருப்பதாகவே தோன்றவில்லை.

ஒருநாள் மனைவி அந்த டின்னைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. விடிய ஒரு மணி வரை இரண்டு பேரும் உட்கார்ந்து கூட்டினோம். அன்றைக்குத்தான் 19,000 என்ற எண்ணையே முதல்முறையாகப் பார்த்தேன்.

மறுவாரம் ஏகேபிகேவுக்குப் போனோம். பேங்க் நெகாரா 2006ல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது, காசு வாங்க மாட்டார்கள். சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட், வீட்டுச் செலவு எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று வங்கிகளோடும் பேசி, வட்டியைக் குறைத்து, ஒரே தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள். கார்டு மூன்றையும் ஒப்படைத்தேன். முடிகிற வரை புதுக் கடன் வாங்கக் கூடாது, சிசிரிஸிலும் அந்த விவரம் தெரியும். ஐந்து வருடம் கட்டினேன். கடைசித் தவணை கட்டிய அன்று மனைவி பாயாசம் வைத்தாள்.

தம்பிக்கு 1,988தான் பாக்கி, பணமும் இருக்கிறது. அவருக்கு மல்லிகா அவர்கள் சொன்ன வழியே சரி, நேற்று வெட்டிப் போடு என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போல மைலோ டின் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதைக் கவிழ்த்துவிட்டு ஏகேபிகேவுக்குப் போங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார்.


கோப்புக்காரர் · புக்கிட் மெர்தாஜம் · டிசம்பர் 14, காலை 7.55

செந்தூல் அண்ணே, இதை எழுதியதற்கு நன்றி.

ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்கிறேன். சிசிரிஸை, சீடோஸை ஒரே வாரத்தில் சுத்தம் செய்து தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் வரும். ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார்கள், ஐசி (அடையாள அட்டை) நகலும் வங்கி விவரமும் கேட்பார்கள். அப்படிச் செய்து கொடுக்க வெளியாள் யாராலும் முடியாது. உண்மையான பாக்கியைக் கட்டினால்தான் பதிவு மாறும். தப்பான தகவல் இருந்தால் அதைக் கொடுத்த வங்கியிடமே எழுத்தில் கேட்டுத் திருத்தலாம், அதற்கும் செலவில்லை. என் கண்முன்னால் ஒரு அம்மா, மகனின் பெயரைச் சுத்தம் செய்ய என்று சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்து ஏமாந்தார். பணம் வாங்கியவரின் கைப்பேசி நம்பர் அன்று மாலையே அணைந்துவிட்டது.


பிறைப்பையன் · பட்டர்வொர்த் · டிசம்பர் 15, இரவு 11.20

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று 1,988 வெள்ளி 37 சென் முழுவதையும் கட்டிவிட்டேன். ஆட்டோ டெபிட் போட்டாச்சு, முழுத் தொகைக்கு. சம்பளம் 25ஆம் தேதி வருகிறது, கெடு 28, அதனால் தட்டுப்பாடு வராது.

அறிக்கையையும் எடுத்துப் பார்த்தேன். கோப்புக்காரர் அண்ணன் சொன்ன மாதிரியே இரண்டு 1, மார்ச்சிலும் ஜூலையிலும். கட்டணம் கட்டி ஸ்கோரும் எடுத்தேன், 668. திரையில் அந்த இரண்டு எண்ணையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் இருந்தும் நான்கு நிமிட வேலையைச் செய்யாமல் விட்டதற்கு அம்மாவின் வீடு தள்ளிப் போயிருக்கிறது. அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அடுத்த ஆகஸ்ட் வரை பொறுப்போம் என்றார்.


மல்லிகா_பிரிக்பீல்ட்ஸ் · கோலாலம்பூர் · டிசம்பர் 16, காலை 8.40

நல்லது தம்பி. கார்டை இடையில் சும்மா வைத்திருக்க வேண்டாம், மாதம் பெட்ரோல் மட்டும் அதில் போடுங்கள். ஏதாவது பெரிதாக வாங்க வேண்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் வந்த மறுநாள் வாங்குங்கள். 9ஆம் தேதி வாங்கினால் அடுத்த மாதம் 28 வரை, கிட்டத்தட்ட 49 நாள் வட்டியில்லாமல் கிடைக்கும். ஒருநாள் முந்தி 8ஆம் தேதி வாங்கி அன்றே கணக்கில் ஏறினால் 20 நாள்தான். வங்கி கொடுக்கிற சலுகைகளில் நான் மதிக்கிற சலுகை இது ஒன்றுதான்.


பிறைப்பையன் · பட்டர்வொர்த் · ஆகஸ்ட் 19, இரவு 9.05

எட்டு மாதம் கழித்து இந்த இழையைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன். ஜனவரியில் அக்கா சொன்னபடியே மிச்ச வட்டி 5 வெள்ளி 70 சென் வந்தது, கட்டினேன். அதற்குப் பிறகு வட்டி என்ற வரியே ஸ்டேட்மென்டில் இல்லை. பெட்ரோல் மட்டும்தான் கார்டில்.

இன்று ஈசிசிரிஸைத் திறந்தேன். ஒரே வரி, 12 கட்டம், 12 சைபர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு மலாய் எழுத்து அவ்வளவாகப் படிக்க வராது, விரலை வைத்துச் சைபர்களை எண்ணிப் பார்த்தார்.

முன்பு பார்த்த பிளாட் விற்றுப்போய்விட்டது. அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இன்னொன்று இருக்கிறது. விண்ணப்பத்தை இன்று மதியம் கொடுத்திருக்கிறேன், ஒரே ஒரு வங்கியில்.